தையல் மெஷினிலிருந்து பேட்டர்ன் ரூமுக்கு

அன்புள்ள அக்கா,

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் ஒன்பது வருஷமாக ஆபரேட்டராக இருக்கிறேன். காலர், ஸ்லீவ் அட்டாச், எந்த ஆபரேஷன் கொடுத்தாலும் செய்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், படித்தது பிளஸ் டூ. இங்கே ஒரு சென்டரில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம்) போடக் கற்றுத் தருகிறார்கள். மூன்று மாதம், 35,000 ரூபாய். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். இனிமேல் கம்ப்யூட்டரே எல்லாம் போட்டுவிடும், ஆள் தேவைப்படாது என்று எங்கள் சூப்பர்வைசரும் சொல்கிறார். பணம் கட்டலாமா?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் 35,000 ரூபாயை இப்போதே கட்டிவிடாதீர்கள்.

பேட்டர்ன் ரூமில் பல வருஷம் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் ஒன்றும் தெரியாமல் தொடங்கவில்லை. ஸ்லீவ் அட்டாச் செய்கிறவருக்கு, எந்த ஸ்டைலில் கை லேசாகப் போய் உட்கார்ந்தது, எதில் கடைசியில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழுந்தது என்பது விரலிலேயே இருக்கும். பேட்டர்ன் ரூமில் அதே விஷயம் இரண்டு அளவுகளாக இருக்கிறது. ஒன்று ஆர்ம்ஹோலின், அதாவது உடம்புப் பாகத்தில் கை பொருத்தும் துளையின், சுற்றளவு, இன்னொன்று கையின் மேல் வளைவு. திரையில் ஒரு கோட்டை இன்னொன்றின் மேல் தையல் ஓடுகிற மாதிரியே நகர்த்திப் பார்க்கலாம், இதை வாக்கிங் என்பார்கள். சாதாரண ஃபார்மல் சட்டையில் கை அரை இன்ச் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலைச் சுருக்கம் விழாமல் உள்ளே ஊட்டித் தைத்துவிடலாம். ஒன்றரை இன்ச் கூடுதல் என்று காட்டினால், அந்தப் பேட்டர்ன் கட்டிங்குக்குப் போகவே கூடாது. மென்பொருள் அளவைக் காட்டும், அவ்வளவுதான். அது தையலில் என்ன தொல்லை கொடுக்கும் என்பது மெஷினில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். கல்லூரி முடித்து நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு இந்த அறிவு வர வருஷங்கள் ஆகும்.

மென்பொருளின் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெரிய ஃபேக்டரிகளில் கெர்பரின் அக்யுமார்க், லெக்ட்ராவின் மொடாரிஸ் இரண்டையும் அதிகம் பார்க்கலாம் (2021-ல் லெக்ட்ரா கம்பெனியே கெர்பரை வாங்கிவிட்டது). ஆப்டிடெக்ஸ், டுகாகேட் வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: பேப்பர் பேட்டர்னை உள்ளே ஏற்றுவது, டார்ட்டை (உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கும் இடத்தை) இடம் மாற்றுவது, தையலுக்குத் துணி விடுவது, நாட்ச் (தைக்கும்போது பொருத்திப் பார்க்கும் அடையாள வெட்டு) போடுவது, கிரேடிங் (ஒரு பேட்டர்னிலிருந்து மற்ற சைஸ்களை எடுப்பது), மார்க்கர் (துணியில் பாகங்களை அடுக்கும் வரைபடம்). ஒன்று நன்றாகக் கைவந்தால் அடுத்ததில் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பாக்கி. இங்கிலீஷைப் பற்றியும் கவலை வேண்டாம். நாட்ச், டார்ட், கிரெயின், சீம் என்று மெனுவில் வரும் வார்த்தைகளில் பாதியை நீங்கள் லைனில் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சரி, சூப்பர்வைசர் சொன்னதற்கு வருகிறேன். 38 சைஸிலிருந்து 40 போனால் மார்புச் சுற்றளவு இரண்டு இன்ச் கூடும், கால்பாகத்துக்கு அரை இன்ச். இதைக் கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும், எல்லா சைஸையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டவும் செய்யும். ஆனால் அந்த அரை இன்ச்சில் தோளுக்கு எவ்வளவு போக வேண்டும், ஆர்ம்ஹோல் எவ்வளவு இறங்க வேண்டும், கழுத்து எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மனுஷர்தான் முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பாக எழுதினால் அத்தனை சைஸிலும் அதே தப்பு ஒழுங்காக விழும்.

பிளவுஸிலேயே பாருங்கள். கழுத்தின் பாதி அகலத்துக்கு மார்பளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 32 மார்புக்கு அது 2.67 இன்ச், சரியாக வரும். அதே கணக்கை 44-க்குப் போட்டால் 3.67. ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு இன்ச் கழுத்து அகன்றுவிடும். ஆனால் உடம்பு பெருத்த அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. பிளவுஸ் தோளில் நிற்காமல் நழுவும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து நீங்கள் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கழுத்தைக் குறைத்து வெட்டுவீர்கள் இல்லையா, அதைக் கம்ப்யூட்டர் தானாகச் செய்யாது.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சீம்லி2டி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. போனில் ஓடாது, லேப்டாப் வேண்டும், பழையது போதும். அதில் உடம்பளவுகள் தனிக் கோப்பாக இருக்கும். பேட்டர்னின் ஒவ்வொரு புள்ளியையும் 'மார்பில் நான்கில் ஒன்று, கூட அரை இன்ச்' என்பது போல ஃபார்முலாவாக எழுதலாம். அளவை மாற்றினால் பேட்டர்ன் தானாகத் திரும்ப வரைந்துகொள்ளும். ஆளுக்கு ஆள் அளவு மாறும் பிளவுஸ் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. நன்றாக உட்காரும் என்று நீங்கள் நம்பும் ஒரு பிளவுஸ் பேட்டர்னை எடுத்து அதில் வரையுங்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் ஃபார்முலாவில் விடாமல் தனி அளவாகக் கொடுங்கள். அப்புறம் ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, வெட்டி, தைத்துப் பாருங்கள். கடையில் பிரிண்ட் எடுக்கும்போது நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். 'பேஜுக்குப் பொருத்து' என்ற செட்டிங்கில் விட்டால் நான்கு சதவீதம் சுருங்கினாலும் 36 இன்ச்சில் ஏறக்குறைய ஒன்றரை இன்ச் போய்விடும். ஓரத்தில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்துவைத்து, பிரிண்ட்டில் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கத்தரியை எடுங்கள்.

அந்த பிளவுஸ் உட்கார்ந்ததா? இப்போது சென்டருக்குப் போங்கள். ஒரு பிராண்ட் அனுப்பும் அளவுப் பட்டியலை வைத்து முழு கிரேடிங் செய்யச் சொல்லித் தருவார்களா, சலவையில் நீளவாக்கில் 5 சதவீதம் சுருங்கும் துணிக்குப் பேட்டர்னை எப்படி மாற்றுவது என்று காட்டுவார்களா, போட்ட பேட்டர்னைத் தைத்துப் பார்க்க விடுவார்களா, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டா என்று கேளுங்கள். வெறும் டூல் டூலாகக் காட்டிவிட்டுச் சர்டிஃபிகேட் கொடுக்கிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பொம்மையின் மேல் துணி அசைகிற 3டி படத்தைக் காட்டி அசத்துவார்கள். க்ளோ 3டி நல்ல கருவிதான், சாம்பிள் தைக்கும் செலவை நிஜமாகவே குறைக்கிறது. ஆனால் அடிப்படைப் பேட்டர்ன் கைவராமல் அதில் தொடங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். பொம்மனஹள்ளியோ பீன்யாவோ மைசூர் ரோடோ, எந்த ஃபேக்டரிக்கு வேண்டுமானாலும் போங்கள். லைன் முழுக்கப் பெண்கள், கட்டிங் மாஸ்டரும் பேட்டர்ன் மாஸ்டரும் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கு வராது என்பதால் அல்ல. அந்த வேலையை மாஸ்டர் தன் உதவியாளுக்குத்தான் சொல்லிக் கொடுப்பார், மெஷினில் இருக்கும் பெண்ணை யாரும் அந்த மேஜைக்குக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்ததில் நடந்த பெரிய நல்லது, மாஸ்டரின் தயவு இல்லாமலும் ஒருவர் இதைக் கற்க முடியும் என்பதுதான். ஒன்பது வருஷம் தைத்த ஒரு பெண் அந்த ரூமில் உட்கார்ந்தால் பேட்டர்ன் மேலும் நன்றாக வரும் என்று நான் முழுதாக நம்புகிறேன்.

வீட்டுக்காரரிடம் இப்போது ஃபீஸைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில் அந்த பிளவுஸைத் தைத்து அவரிடம் காட்டுங்கள். சீம்லியில் எங்காவது மாட்டிக்கொண்டால் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சென்டரில் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா