லி சியாங்லான் தப்பியது எப்படி?

கேள்வி: லி சியாங்லான் என்ற சீன நடிகை ஜப்பானியரின் பிரசாரப் படங்களில் நடித்துத் தாய்நாட்டையே காட்டிக்கொடுத்தவர். போர் முடிந்ததும் கூட்டாளிகள் தூக்கு மேடைக்கும் துப்பாக்கிக்கும் பலியானார்கள். இவர் மட்டும் ஜப்பானுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகிவிட்டார். அழகும் குரலும் இருந்தால் எதையும் மன்னித்துவிடுவார்களா?

பதில்: கேள்வியின் முதல் வரியே தவறு. லி சியாங்லான் சீனர் அல்ல. யமகுச்சி யோஷிகோ என்ற ஜப்பானியப் பெண். 1920 பிப்ரவரி 12 அன்று சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில், இன்றைய ஷென்யாங் நகரத்தை அடுத்த பகுதியில் பிறந்தவர். தந்தை தென் மஞ்சூரிய ரயில்வே ஊழியர்களுக்குச் சீன மொழி சொல்லிக்கொடுத்தவர். பூர்வீகம் ஜப்பானின் சாகா மாகாணம். ஷாங்காய் நீதிமன்றம் இவரை விடுவித்ததற்கு அழகோ குரலோ காரணமில்லை. ஒரு காகிதம்தான் காரணம்.

அதற்கு முன், ஒரு ஜப்பானியப் பெண் ஊரறிந்த சீன நட்சத்திரமாக எப்படி ஆக்கப்பட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் நுரையீரல் நோய் வந்தது. மூச்சு வலுப்பட வாய்ப்பாட்டு நல்லது என்று சொல்லி, லூபா என்ற ரஷ்ய யூதத் தோழி ஓர் இசையாசிரியையிடம் அழைத்துப்போனாள். அங்கே கற்றது மேற்கத்திய ஆபரா முறைப் பாட்டு. உச்சஸ்தாயியில் உடையாமல் நிற்கும் அந்தக் குரல் அப்படி வந்தது. அந்தக் காலத்தில் ஷென்யாங் வானொலி நிலையம் 'மஞ்சூரியப் புதுப் பாடல்கள்' பாட ஆள் தேடிக்கொண்டிருந்தது. தேவைகள் நான்கு: சீனப் பெண்ணாக இருக்க வேண்டும்; பெய்ஜிங் உச்சரிப்பு சுத்தமாக வர வேண்டும்; இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிய வேண்டும்; நிலையத்து ஜப்பானிய ஊழியர்களோடு பேசும் அளவுக்கு அவர்கள் மொழி தெரிய வேண்டும். நான்கும் பொருந்திய சீனப் பெண் கிடைக்கவில்லை. பின் மூன்றும் பொருந்திய ஜப்பானியச் சிறுமி கிடைத்தாள். முதலாவதற்குப் பெயரை மாற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அந்தப் பெயர் ஏற்கெனவே கையில் இருந்தது. தந்தையின் நண்பரான லி ஜிசுன் என்ற தளபதி, இரு குடும்ப நட்பின் அடையாளமாக யோஷிகோவை வளர்ப்பு மகளாக ஏற்று லி சியாங்லான் என்று பெயரிட்டிருந்தார். சீனக் குடும்பங்களில் இது வழக்கமான சடங்கு. ஜப்பானில் எந்த அலுவலகத்திலும் இது பதிவாகவில்லை. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதன்மேல்தான் ஓர் உயிர் நின்றது.

1937இல், மஞ்சூரியாவில் ஜப்பானியர் அமைத்த பொம்மை அரசான மஞ்சுகுவோவில் மான்ஏய் என்ற படநிறுவனம் தொடங்கியது. கதாநாயகிக்குப் பின்னணி பாடினால் போதும் என்று சொல்லி அழைத்துப்போய், ஒப்பனை போட்டுக் கேமரா முன் நிறுத்திவிட்டார்கள். 1938இல் முதல் படம். அதே ஆண்டு மஞ்சூரிய நடிகையாக ஜப்பானுக்குப் போனார். ஷிமோனோசெகி துறைமுகத்தில் கடவுச்சீட்டைச் சோதித்த போலீஸ்காரர் அதில் யமகுச்சி யோஷிகோ என்று இருப்பதைப் பார்த்தார். எதிரே நிற்பவளோ சீன உடையில். ஜப்பானியப் பிறவியாக இருந்துகொண்டு இப்படி உடுத்திச் சீனம் பேச வெட்கமாக இல்லையா என்று திட்டினாராம். இந்த மோசடி அரசின் ஆவணங்களிலேயே வெளிப்படையாகக் கிடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1941 பிப்ரவரி 11 அன்று, 21 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, டோக்கியோவின் நிச்சிகெகி அரங்கில் பாடினார். டிக்கெட்டுக்கு நின்ற கூட்டம் கட்டடத்தை ஏழரைச் சுற்றுச் சுற்றியது என்று இன்றும் சொல்வார்கள்.

படங்களின் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1939இலும் 1940இலும் ஜப்பானிய நடிகர் ஹசெகவா கஸுவோவுடன் நடித்த மூன்று படங்களும் ஒரே அச்சில் வார்த்தவை: ஜப்பானிய ஆண், அவனை முதலில் வெறுத்துப் பிறகு காதலிக்கும் சீனப் பெண். இரண்டாவதான 'ஷினா நோ யோரு'வில் (சீன இரவு) ஓர் இடம் உண்டு. போரில் வீட்டை இழந்த பெண்ணுக்கு ஜப்பானியக் கப்பல் அதிகாரி அடைக்கலம் தருகிறான். அவள் முரண்டு பிடிக்கிறாள். அவன் ஓங்கி அறைகிறான். அறை விழுந்ததும் அவள் முகம் மாறுகிறது. அவன் அன்பு புரிந்துவிட்டதாக அழுகிறாள். அடித்ததை அக்கறை என்று ஜப்பானிய ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சீன ரசிகர்களுக்கு அது இரட்டை அவமானம்: நம் பெண்ணை அந்நியன் அடிக்கிறான், அதற்காகவே அவள் அவனை விரும்புகிறாள். தன் சுயசரிதையில் யோஷிகோவே இதைத்தான் எழுதினார். சீனப் பெண்ணாக அவரைக் காட்டியதன் பயன் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. ஜப்பானிய நடிகை என்று தெரிந்திருந்தால் அந்த அழுகைக்குப் பிரசார மதிப்பு ஏது?

1943இல் அபினிப் போரைப் பற்றிய ஷாங்காய்ப் படம் ஒன்றில் மிட்டாய் விற்கும் பெண்ணாகப் பாடினார். சீனாவில் உண்மையான புகழ் அப்போதுதான் வந்தது. அதையொட்டி பெய்ஜிங்கில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு நிருபர், சீனப் பெண்ணான நீங்கள் அந்தப் படங்களில் எப்படி நடித்தீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். விவரம் தெரியாத வயதில் செய்த தவறு என்று அவர் மன்னிப்புக் கேட்டார், கைதட்டல் கிடைத்தது. உண்மையைச் சொல்லவில்லை. என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய சறுக்கல் இதுதான். 1944இல் மான்ஏயிலிருந்து விலகினார். லி ஜின்குவாங் இசையமைத்த 'யேலாய்சியாங்' அந்த ஆண்டுப் பாட்டு. ரும்பா தாளத்தில் சீன மெட்டு, அதன்மேல் ஆபரா பயின்ற குரல்.

இனி வழக்கு. போர் முடிந்ததும் ஷாங்காயில் கைதானார். குற்றம் தேசத்துரோகம். சீனக் குடிமக்கள்மேல் மட்டுமே சாட்டக்கூடிய குற்றம் அது. ஜப்பானியர் என்று நிரூபித்தால் வழக்கே நிற்காது. நிரூபிக்காவிட்டால் மரண தண்டனைவரை போகும். வாய்ச்சொல் செல்லாது; இத்தனை ஆண்டு சீனப் பெண்ணாகவே ஊரை நம்பவைத்தவர் ஆயிற்றே! வேண்டியது ஜப்பானின் குடும்பப் பதிவேட்டுப் பிரதி: பூர்வீக ஊர், பெற்றோர், பிறப்பு, திருமணம், தத்து எல்லாம் ஏறும் ஆவணம். அது பெய்ஜிங்கில் பெற்றோரிடம் இருந்தது. சிறுவயதுத் தோழி லூபா அப்போது ஷாங்காயில் சோவியத் தூதரகத்தில் வேலையில் இருந்தாள். அவள் உதவியால், ஒரு ஜப்பானியப் பொம்மைக்குள் ஒளித்து அந்தப் பிரதி வந்து சேர்ந்தது. தளபதி லியின் தத்து அதில் ஏறவில்லை. எனவே சட்டப்படி அவர் பிறந்த நாள் முதல் யமகுச்சி யோஷிகோ மட்டுமே. 1946 பிப்ரவரியில் விடுதலை. சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சீனப் பெயரில் அந்தப் படங்களில் நடித்தது அறத்துக்குப் பொருந்தாது என்று நீதிபதி சேர்த்தே சொன்னார். யோஷிகோ தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அழகுதான் காப்பாற்றியது என்பவர்கள் கவாஷிமா யோஷிகோவின் கதையைப் பார்க்க வேண்டும். மஞ்சு இளவரசரின் மகள். கவாஷிமா நானிவா என்ற ஜப்பானியர் தத்தெடுத்து ஜப்பானில் வளர்த்தார். அழகுக்கும் புகழுக்கும் அவரிடமும் குறைவில்லை. அவரும் தேசத்துரோக வழக்கில் தான் ஜப்பானியர் என்று வாதாடினார். வளர்ப்புத் தந்தை பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றியிருக்கவில்லை. 1948 மார்ச் 25 அன்று பெய்ஜிங்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டு தத்துகளும் ஏட்டில் ஏறாதவை. அந்த வெற்றிடம் ஒருத்தியைக் காத்தது, இன்னொருத்தியைக் கொன்றது.

இவர் மட்டும் ஜப்பானுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். பிறந்ததிலிருந்து சீன மண்ணில் வாழ்ந்தவர், தீர்ப்புக்குப் பின் நாடு திரும்பும் ஜப்பானியரோடு கப்பலேற்றப்பட்டார். 1950இல் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படத்தில் நடித்தார். ஷர்லி யமகுச்சி என்ற பெயரில் 1952இல் கிங் விடோர், 1955இல் சாமுவேல் ஃபுல்லர் ஆகியோர் இயக்கிய ஹாலிவுட் படங்கள். சிற்பி இசாமு நொகுச்சியுடன் 1951இல் திருமணம், பிறகு பிரிவு. 1958இல் தூதரக அதிகாரியை மணந்து திரையை விட்டார். நாடாளுமன்றத்துக்கும் நட்சத்திரப் புகழால் மட்டும் போகவில்லை. 1969 முதல் தொலைக்காட்சியில் பிற்பகல் நிகழ்ச்சியின் தொகுப்பாளராக வியட்நாமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய்ச் செய்தி சேகரித்தவர். 1974 முதல் 1992 வரை மேலவையில் 18 ஆண்டுகள்.

மன்னித்துவிட்டார்களா என்றால், சீனாவில் எல்லோரும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நானும் வாதாடவில்லை. 1987இல் வந்த சுயசரிதையில் அந்தப் படங்களுக்கு அவர் சாக்குச் சொல்லவில்லை. ஜப்பானியப் படையினரால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்காக 1995இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் நிதியில் துணைத் தலைவராக இருந்தார். 2014 செப்டம்பர் 7 அன்று, 94 வயதில் காலமானார். அவர்மேல் குற்றம் சாட்டுங்கள், தடையில்லை. அந்த அறை விழும் காட்சிக்காகச் சாட்டுங்கள். பெய்ஜிங்கில் உண்மையைச் சொல்லாததற்காகச் சாட்டுங்கள். செய்யாத தேசத்துரோகத்துக்காக வேண்டாம்.