ஏற்காட்டில் பகடை: ஏழில் கட்டலாமா?

சேலம் நண்பரே, ஏற்காட்டு விடுதியில் பொய்க்காசு வைத்து, இரண்டு பகடை உருட்டிப் பந்தயம் கட்டும் கிராப்ஸ் ஆடப்போகிறோம், ஏழுதான் அதிகம் விழும் என்பதால் அதிலேயே கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதிகம் விழும் என்பது சரிதான், இரண்டு பகடையும் விழக்கூடிய 36 விதத்தில் 6 விதம் கூட்டினால் ஏழு. ஆனால் ஒன்றுக்கு ஐந்து கொடுத்தால்தான் நியாயம், மேசைக்காரர், அதாவது பந்தயப் பணத்தை வாங்கிக் கொடுப்பவர், கொடுப்பதோ நாலு, ஆக நீங்கள் கட்டும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 16.67 அவர் பைக்குப் போய்விடும். பாஸ் லைனில், அதாவது உருட்டுபவர் ஜெயிப்பார் என்று, கட்டினால் 1.41தான். முதல் உருட்டில் 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் ஒன்று விழுந்தால் அதுதான் புள்ளி, ஏழு விழுமுன் அது மறுபடி விழுந்தால் ஜெயம்; புள்ளி விழுந்தபின் பாஸ் லைனோடு கூடவே வைக்கிற ஆட்ஸ் என்ற கூடுதல் பந்தயத்தில் மேசைக்கு லாபமே கிடையாது: 4, 10க்கு 2:1, 5, 9க்கு 3:2, 6, 8க்கு 6:5.

ஆட்டத்தின் வேர் இங்கிலாந்தின் பழைய பகடை ஆட்டமான ஹசார்ட். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் அதைப் பரப்பியவர் பெர்னார்ட் டி மரிக்னி, தன் நிலத்தில் போட்ட தெருவுக்கே கிராப்ஸ் என்று பெயர் வைத்த ஆசாமி! அப்புறம், மேசைக்காரர் இடத்தை நீங்களே முந்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.