மின்துடிப்பு கொடுத்தால் கீமோதெரபி மருந்து கூடுதலாக வேலை செய்யுமா?

கேள்வி: என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. இப்போது கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. மின்துடிப்பு கொடுத்தால் இதே மருந்து பல மடங்கு வேலை செய்யும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் உறவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் ‘இதே மருந்து’ என்ற இடத்தில் அவர் சறுக்கிவிட்டார். அதை விளக்குவதற்கு முன்னால், மின்துடிப்பு உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. நீரில் கரையும் பெரிய மூலக்கூறுகள் இதைத் தாண்டி எளிதில் உள்ளே போக முடியாது. கட்டியின் இருபுறமும் மின்முனைகளை வைத்து, அவற்றுக்கிடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 1000 வோல்ட் என்ற அளவில் மின்துடிப்புகளைச் செலுத்தினால், அந்தச் சவ்வில் நுண்துளைகள் தோன்றி, சில நிமிடங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. வழக்கமாகக் கொடுப்பது 8 துடிப்புகள். ஒவ்வொன்றும் 100 மைக்ரோவிநாடி மட்டுமே நீடிப்பதால், எட்டையும் கூட்டினால்கூட ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. மின்சாரம் இங்கே கட்டியைச் சுட்டெரிப்பதில்லை. கதவைத் திறந்துவிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. செல்லைக் கொல்வது மருந்துதான்.

ஆகவே, ஏற்கெனவே வெளியே நின்று தவிக்கும் மருந்துக்குத்தான் இதனால் பெரிய ஆதாயம். ப்ளியோமைசின் அப்படிப்பட்ட மருந்து: தானாக உள்ளே நுழைவது மிகக் குறைவு, நுழைந்துவிட்டாலோ டி.என்.ஏ. இழைகளைத் துண்டித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் மின்துடிப்பு அதன் வீரியத்தைப் பல நூறு மடங்கு, சில சோதனைகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல் கூட்டியிருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கும் பலன் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் ஃபுளூரோயூராசிலோ சிறிய மூலக்கூறு; செல்லே தன் சவ்விலுள்ள, பொருள்களை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள் வழியாக அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. திறந்திருக்கும் வீட்டுக்குள் போகப் பூட்டை உடைப்பானேன்? ப்ளியோமைசின் பெருங்குடல் புற்றுநோயின் வழக்கமான மருந்துகளில் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மின்முனை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் இந்த முறை வேலை செய்யும். உங்கள் அண்ணனுக்குக் கட்டி அகற்றப்பட்டுவிட்டது. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் உடலில் எங்காவது தங்கியிருந்தால் அவற்றை அழிப்பதற்காகவே இப்போது மருந்து தருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்குக்கு மின்முனையை எங்கே வைப்பது? அதனால் இன்றைய நிலையில் அவருக்கு இது பொருந்தாது. நடந்துகொண்டிருக்கும் கீமோதெரபியை இதற்காகத் தள்ளிப்போடவே கூடாது.

அப்படியானால் இது யாருக்குப் பயன்படுகிறது? பிரான்ஸில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடத்திய முதல் சோதனையின் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. 2006இல் ஐரோப்பிய மருத்துவர்கள் தோலிலும் தோலுக்கடியிலும் உள்ள கட்டிகளுக்கான செயல்முறையை வகுத்தார்கள். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் இதைச் சோதித்தவர்கள் ஸ்லோவேனியாவின் லுப்லியானா மருத்துவர்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையின்போதே மின்முனைகளைச் செருகி 16 நோயாளிகளின் 29 கட்டிகளுக்குச் சிகிச்சை அளித்ததில், ஏறத்தாழ 85 சதவீதக் கட்டிகள் முழுமையாகக் கட்டுப்பட்டதாக 2014இல் எழுதினார்கள். நல்ல செய்திதான், ஆனால் 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் அதில் இல்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. பெரிய ரத்தக் குழாயை ஒட்டிய கட்டியை வெப்பத்தால் அழிக்க முயன்றால், ஓடும் ரத்தம் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும்; மின்துடிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிரமங்களும் உண்டு. துடிப்பின்போது தசைகள் வெட்டி இழுக்கும் என்பதால், உள்ளுறுப்புக் கட்டிகளுக்கு முழு மயக்கமும் தசைத் தளர்த்தியும் தேவை. இதயத்துக்கு அருகில் என்றால் ஈ.சி.ஜி.யோடு ஒத்திசைத்தே துடிப்பைக் கொடுப்பார்கள். ப்ளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது, சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; ஆகவே இரண்டையும் முன்கூட்டியே பரிசோதித்தாக வேண்டும்.

பின்னாளில் கல்லீரலில் கட்டி தென்பட்டு, அதை வெட்டி எடுக்கவோ வெப்பத்தால் அழிக்கவோ முடியாது என்ற நிலை வந்தால், அப்போது உங்கள் கேள்வியை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மூளைக் கட்டிக்குத் தலையில் ஒட்டிக்கொள்ளும் மின் கருவியும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அந்தக் கருவி சவ்வில் துளையிடுவதில்லை. விநாடிக்குச் சுமார் 2 லட்சம் முறை திசை மாறும் மெல்லிய மின்புலத்தால் செல் பிரிவதைக் குலைக்கிறது. அதனால்தான் அதை நாளின் பெரும்பகுதி நேரம் அணிந்திருக்க வேண்டியிருக்கிறது.