எஸ்டோனியர்களுக்குக் கூட்டுப்பாடல் ஏன் அடையாளமாயிற்று?

‘லவுலுபிது’ என்பது எஸ்டோனியாவில் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாட்டுத் திருவிழா. தலைநகர் டாலினில் பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று ஒரே குரலாகப் பாடுவார்கள்.

இதன் வேர் அந்நாட்டின் இருப்பிடத்தில் இருக்கிறது. பால்டிக் கடல் வணிகவழியில் அமைந்த அந்தக் கரையை டேனியர், ஜெர்மானியப் படைவீரர், சுவீடியர், ரஷ்யர் என மாறிமாறி ஆண்டனர். நிலமும் நகரமும் ஜெர்மன் பேசும் பிரபுக்களிடம் இருக்க, எஸ்டோனிய மொழி பண்ணைக் குடியானவர்களின் பேச்சாகவே பல நூற்றாண்டுகள் நீடித்தது. வீட்டுக்காரர் எத்தனை முறை மாறினாலும் குடியிருப்பவரின் அடுப்பங்கரைப் பேச்சு மாறாதிருப்பதைப் போன்றது இது. பண்ணையடிமை முறை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1869இல் டார்ட்டு நகரில் முதல் விழா நடந்தபோது, அந்த அடுப்பங்கரை மொழி முதன்முறையாகப் பெருந்திரளின் முன் ஒலித்தது. (அன்று பாடியவர்கள் ஆண்கள் மட்டுமே.)

நிலமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. நாட்டின் பாதியளவு காடு; சதுப்பும் ஏராளம். சோமா என்னும் பகுதியில் பனி உருகி ஆறுகள் கரைபுரளும் நாள்களை ‘ஐந்தாம் பருவம்’ என்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நாள்களில் ஒற்றை மரத்தில் குடைந்த படகில்தான் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. இப்படிச் சிதறி வாழ்ந்தவர்கள் ஒன்றுகூடுவதே பெருநிகழ்வு என்பதில் வியப்பில்லை.

சோவியத் ஆட்சியில் இருந்ததால் எஸ்டோனிய மொழி ரஷ்ய மொழியின் கிளை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பின்லாந்து நாட்டின் பின்னிய மொழிக்கு நெருங்கிய உறவு, ரஷ்யத்தோடு அதற்குக் குடும்ப உறவே இல்லை.