மனநலத் தொண்டு நிறுவனத்தில் வேலை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சமூக மனநலத் தொண்டு நிறுவனங்களில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முதல் ஒன்பது வருடம் வீடு வீடாகப் போகிற களப்பணியாளர், அப்புறம் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளர். சம்பளம், வேலைநேரம், விடுப்பு, பயம், எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை, அதனால் சட்டம் பற்றிய கேள்விகளைத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: படிப்பு முடித்து முதல் வேலை. இன்டர்வியூவில் "இதை வேலையாகப் பார்க்காதீர்கள், சேவையாகப் பாருங்கள்" என்றார்கள். சேரலாமா மேடம்?

சேருங்கள், ஆனால் மூன்று விஷயம் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒருவருக்கு எத்தனை கேஸ் தருகிறீர்கள்? எனக்கு சூப்பர்விஷன், அதாவது என் கேஸ்களைப் பற்றி அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து பேசும் நேரம், தரப்போவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை? எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பணி ஆணையில் ப்ராஜெக்ட் முடியும் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் வேலை நிரந்தரம் போலப் பேசுவார்கள், ஆணையில் பதினோரு மாதம் என்றிருக்கும். சேவை என்ற சொல்லில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நானும் அந்த எண்ணத்தில்தான் வந்தேன். ஆனால் சம்பளத்தையோ விடுப்பையோ பற்றிக் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல் வெளியே வருகிறதென்றால் உஷாராக இருங்கள்.

கேள்வி: என்னிடம் 64 பேர் இருக்கிறார்கள். இது அதிகமா, நான்தான் மெதுவா?

நீங்கள் மெதுவில்லை. வெறும் எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்ல முடியாது, ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. 1970களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில், கடுமையான மனநோய் உள்ளவர்களை மருத்துவமனைக்கு வெளியே வைத்தே பார்த்துக்கொள்ள ஒரு முறையை உருவாக்கினார்கள். மாத்திரையிலிருந்து வீட்டு வாடகைப் பிரச்சினை வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே குழு பார்க்கும். அந்த முறையில் ஒரு பணியாளருக்குச் சுமார் 10 பேர்தான் கணக்கு. மாதம் ஒருமுறை போனில் விசாரித்தால் போதும் என்கிற நிலையில் இருப்பவர்கள் என்றால் 64 பேரைக்கூடச் சமாளிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் மாதம் இரண்டு முறை வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் போட்டுப் பார்ப்போம். 64 பேர், இரண்டு முறை, ஆக 128 சந்திப்பு. ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் வைத்தால் 96 மணி. குறிப்பு எழுத ஒவ்வொன்றுக்கும் கால் மணி, அது 32 மணி. வாரம் 40 மணி என்றால் நான்கு வாரத்துக்கு 160 மணி. மிச்சம் 32 மணி, அதாவது ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக பதினைந்து நிமிடம். மீட்டிங் கிடையாது, ரிப்போர்ட் கிடையாது, நீங்கள் ஒருநாள்கூடக் காய்ச்சலில் படுக்கக் கூடாது, 64 பேரில் ஒருவருக்கும் அந்த மாதம் நெருக்கடி வரக் கூடாது. இதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாளர் மேசையில் வையுங்கள். "என்னால் முடியவில்லை" என்று சொன்னால் உங்களை உற்சாகப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். கணக்கைக் காட்டினால், எந்த வேலையை விடுவது என்று அவர்கள்தான் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, முன்பெல்லாம் கிளையன்ட் அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போது எதிரே உட்கார்ந்து அழுகிறார்கள், நான் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கிறேன். நான் கெட்டவளாகிவிட்டேனா?

இல்லைம்மா. நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி "ம், ம்" கொட்டிய நாட்கள் உண்டு.

இதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்று பெயர் இருப்பது தெரிந்திருக்கும். அந்தச் சொல் மருத்துவ எழுத்துக்குள் வந்ததே நம் மாதிரி இடத்திலிருந்துதான். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை செய்தார், அங்கே ஆர்வத்தோடு வந்தவர்கள் நாளாக நாளாக வெந்து தணிந்து போவதைப் பார்த்து 1974-இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நாம் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. முக்கியமாக, இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த ஒரு நிலை என்றே வைத்திருக்கிறார்கள். அதனால் "எனக்கு என்ன ஆச்சு" என்று கேட்பதைவிட "இந்த வேலையை எப்படி அமைத்திருக்கிறார்கள்" என்று கேட்பதுதான் சரி.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை, வாரக்கணக்காகத் தூக்கமில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதையும் பர்ன்அவுட் என்று சொல்லித் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். ஊருக்கெல்லாம் சொல்கிற நாம்தான் இதில் கடைசியில் போய் நிற்போம்.

கேள்வி: வாரம் ஒருநாள் தியான வகுப்பு வைக்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

வேலை நேரத்துக்குள் நடந்தால் உண்டு. ஆறு மணிக்கு மேல் "கட்டாயம் வரவும்" என்று போட்டால் அதுவும் ஓவர்டைம்தான்.

கேள்வி: ராத்திரி எல்லா நேரமும் போன் வருகிறது. எடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

சொந்த நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள், இல்லையா? நானும் கொடுத்தேன். மூன்று வருடம் போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன், மணி அடிக்காத ராத்திரியிலும் இரண்டு முறை எழுந்து பார்ப்பேன். பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் கூப்பிட்டு, நாளைக்கு வரும்போது பேனா வாங்கி வருவீர்களா என்று கேட்பார். அதற்கும் நெஞ்சு அதே அடிதான் அடிக்கும்.

நிறுவனத்துக்கென்று ஒரு பொறுப்பு போன், அதை முறை வைத்து எடுப்பது, ராத்திரி எடுத்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு, இதுதான் வழி. ஆளே இல்லாத சின்ன இடம் என்றால், இத்தனை மணிக்கு மேல் நாங்கள் எடுக்க மாட்டோம், அவசரத்துக்கு இந்த ஹெல்ப்லைன், இந்த மருத்துவமனை என்று முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். தூங்காத ஒருவர் அரை மயக்கத்தில் எடுத்துப் பேசுவதைவிட அது கிளையன்டுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: தனியாக வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். பயம் என்றால் "மனநோயாளி மேல் உனக்கே தப்பெண்ணமா" என்கிறார்கள்.

இந்தப் பேச்சு எனக்கு ரொம்பக் கோபம் தரும். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள், இது உண்மை. அதற்காகத் தெரியாத வீட்டுக்குள் தனியாக நுழைவது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. என் அனுபவத்தில் பயமுறுத்தியது கிளையன்ட் இல்லை. ஒருமுறை குடித்துவிட்டு வந்த அண்ணன், இரண்டு முறை நாய்.

முதல் சந்திப்புக்கு இரண்டு பேர் போக வேண்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்ததும் ஒரு போன். எல்லாரும் இதுவரைக்கும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த போன் வராவிட்டால் யார், எத்தனை நிமிடம் கழித்து, என்ன செய்வார் என்பதைத்தான் எழுத மாட்டார்கள், அதைக் கேளுங்கள். உள்ளே போனால் வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை, வேலைக்காகப் போகிற பயணத்தில் நடக்கும் வன்முறையையும் வேலை சார்ந்த வன்முறையாகவே சேர்க்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கிளையன்ட் ஒருவர் போன மாதம் தற்கொலை செய்துகொண்டார். மறுநாளே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லச் சொன்னார்கள். அதற்கப்புறம் இன்னும் மோசமாக இருக்கிறது.

முதலில், இழப்புக்கு என் வருத்தங்கள். உங்களுக்கும் அது இழப்புதான், பணியாளர் என்பதால் இல்லாமல் போய்விடாது.

அப்படி ஒரே அமர்வில் எல்லாரையும் பேசவைப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படுகிற விஷயம், ஆனால் பின்னால் வரும் மனக்காயத்தை அது தடுக்கவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்கிறது. பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவரை விட்டுவிட வேண்டும்.

எனக்கு நடந்தபோது அது ஒரு திங்கட்கிழமை. பதிவேட்டைத் திறந்தால் என் கையெழுத்தில் "அடுத்த சந்திப்பு: வியாழன், 11 மணி" என்று இருந்தது. அந்த வரியை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உதவியது ஒரே ஒருவர்தான். என் பொறுப்பாளர் வந்து, "இன்னைக்கு உன் மூணு விசிட்டை நான் போறேன், நீ ஃபைலைத் தொடாதே, விசாரணை வந்தா நான் பக்கத்துல உட்கார்றேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. உங்கள் இடத்தில் அப்படி யாரும் வரவில்லை என்றால் நீங்களே இரண்டு விஷயம் கேளுங்கள்: கொஞ்ச நாளைக்குத் தற்கொலை அபாயம் உள்ள புதுக் கேஸ் வேண்டாம், விசாரணைக்குத் தனியாகப் போக மாட்டேன். இன்னும் சில வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டால், அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கவுன்சலரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு பைபோலார் உண்டு. சொந்த அனுபவத்தை வைத்து மற்றவர்களுக்கு உதவும் பியர் வொர்க்கராக எடுத்தார்கள். மீட்டிங்கில் குரலை உயர்த்தினால் "மாத்திரை போட்டீங்களா" என்கிறார்கள்.

வெட்கக்கேடு. பொறுப்பாளர் குரலை உயர்த்தினால் யாரும் அப்படிக் கேட்பதில்லையே. உங்கள் நோய் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள், சக பணியாளர்கள் உங்கள் டாக்டர்கள் இல்லை. ஊக்கத்தொகை மட்டும் தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதே எட்டு மணி நேரம், அதே வீடுகள் என்றால் அது சம்பளம் தர வேண்டிய வேலை.

கேள்வி: சின்ன நிறுவனம் நடத்துகிறேன். நிதி தரும் டோனர்கள் நிர்வாகச் செலவு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஆட்களை எப்படி நன்றாக வைத்துக்கொள்வது?

உங்கள் கஷ்டம் நிஜம். டோனர் எதிர்பார்ப்பதோ குறைந்த நிர்வாகச் செலவு, நிறுவனம் அதை இன்னும் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து எதிர்பார்ப்பு மேலும் குறையும். இதற்குத் தொண்டு நிறுவனங்களின் 'பட்டினிச் சுழல்' என்று 2009-இலேயே பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். நான் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் வேலை, சூப்பர்விஷன் செலவை நிர்வாகத்திலிருந்து எடுத்துச் சேவைச் செலவில் போட்டதுதான். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து எப்படியோ, கவுன்சலிங்குக்கு சூப்பர்விஷன் அப்படி என்று டோனரிடம் சொன்னேன், ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை, மற்ற இருவர் ஒப்புக்கொண்டார்கள். காசு செலவில்லாமலும் சில உண்டு: விடுப்புக்குக் காரணம் கேட்காதீர்கள், சூப்பர்விஷன் நேரத்தை டார்கெட் பேசும் நேரமாக்காதீர்கள், சம்பளம் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: வேறு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் நான் போனால் என் கிளையன்ட்ஸ் என்ன ஆவார்கள் அக்கா?

போங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொல்லாதீர்கள். புதிதாக வருகிறவரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போங்கள், ஃபைலில் இல்லாததை வழியில் சொல்லுங்கள். சொந்த நம்பர் மட்டும் வேண்டாம்.

முதல் நிறுவனத்தை விட்டபோது எனக்கும் இதே பயம்தான். ஆறு வருடம் பார்த்த ஓர் அம்மா, குரல்கள் கேட்கும் அவருக்கு, நான் சொன்னதும் அழுதுவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புதுசா வர்ற பொண்ணுக்கு சைக்கிள் நல்லா ஓட்டத் தெரியுமா? மழை பெஞ்சா நம்ம சந்து வழுக்கும்" என்றார். தெரியும் என்றேன்.