உங்கள் கேள்விகள்: மரத்தில் விழும் வெள்ளைக் கோடு

கேள்வி: லினோ என்ற மென்மையான விரிப்பில் செதுக்கி அச்செடுத்துப் பழகியவள் நான். பழைய ஆங்கிலப் புத்தகமொன்றில் மரச்செதுக்குப் பறவைப் படங்களைப் பார்த்தேன், இறகெல்லாம் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். அதே லினோ உளிகளால் தேக்குப் பலகையில் முயன்றால் கோடு பிய்ந்துபோகிறது. என்ன உளி வாங்குவது, முழு செட்டா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் மரத்தை மாற்றுங்கள், உளியைப் பிறகு பார்க்கலாம். பலகையில் நார் நீளவாக்கில் படுத்திருக்கிறது, அதற்குக் குறுக்கே உளியைத் தள்ளினால் பிய்க்காமல் என்ன செய்யும்? நீங்கள் பார்த்த மாதிரிப் படங்களை, மரத்தைக் குறுக்கே அறுத்தால் வரும் முகத்தில்தான் செதுக்குவார்கள். அங்கே நார் நிமிர்ந்து நிற்பதால் எந்தத் திசையில் போனாலும் கோடு சுத்தமாக விழும். தேக்கைக் குறுக்கே அறுத்தாலும் சரிவராது, துளைகள் பெரிது. இதற்குப் பேர்போனது பொக்ஸ்வூட், மெதுவாக வளரும் சிறு மரம் என்பதால் துண்டுகளை ஒட்டித்தான் பெரிய கட்டை செய்தார்கள். இங்கே தேடி அலைய வேண்டாம். சமையலறை மேடைக்குப் போடும் கொரியன் (Corian) என்ற செயற்கைப் பலகையின் வெட்டுத்துண்டு கிடைத்தால் பழகுவதற்கு அது போதும்.

இனி உளி. இதற்கான உளிகளில் ஸ்பிட்ஸ்டிக்கர் என்பதன் இரு பக்கமும் லேசாகப் புடைத்து நுனி கூராக இருக்கும், அதனால் வளைவில் திரும்பும்போது கோட்டின் கரையை நசுக்காது. அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும், இறகுக்கும் மயிருக்கும் இதைவிடப் பொருத்தமான உளி கிடையாது. டின்ட் டூல் பார்வைக்கு அதன் தம்பி மாதிரி, ஆனால் பக்கங்கள் தட்டை, கோடு ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஓடும். வானம், தண்ணீர் என்று நேர்கோடுகளை அடுக்க அது நல்லது, வளைத்தால் கரை நசுங்கும். ஸ்கோர்ப்பர், அச்சில் வெள்ளையாக வர வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுக்க. வட்ட நுனி ஸ்கோர்ப்பரால் சிறு சிறு குத்துகளும் போடலாம், இலைக்கூட்டத்துக்கும் மணலுக்கும் எனக்கு மிகப் பிடித்த தடம் அதுதான். ஒரே தள்ளில் பல கோடு போடும் மல்ட்டிப்பிள் டூலும் உண்டு. சாம்பல் நிறம் சட்டென்று வரும், ஆனால் எல்லாக் கோடும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதால் படத்தில் உயிர் இருக்காது, தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆகவே செட் வாங்காதீர்கள். நடுத்தர ஸ்பிட்ஸ்டிக்கர் ஒன்று, சிறிய வட்ட ஸ்கோர்ப்பர் ஒன்று, நல்ல தீட்டுகல் ஒன்று, இவ்வளவும் போதும். கட்டையின் முகத்தில் மெல்லிதாகக் கறுப்பு மை பூசிவிட்டுச் செதுக்குங்கள், வெட்டிய கோடு வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும், அச்சில் அதுவே இடம்வலம் மாறி வரும். வளைவு வரும்போது உளிக் கையை அசைக்காமல், மணல் நிரப்பிய தோல் பையின் மேல் கட்டையை மற்றக் கையால் திருப்புங்கள், இதற்குக் கை படிய நாள் எடுக்கும். அச்செடுக்க மெஷின் இல்லாவிட்டால் மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே வந்துவிடும்.

கேள்வி: அப்பா செட்டியார் தெருவில் நகை வேலை செய்தவர். வளையலில் பூ வெட்டும் அவருடைய சிற்றுளிகள் இருக்கின்றன. மரத்துக்கு உதவுமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாக உதவும், இரண்டும் ஒரே குடும்பம். மரச்செதுக்கை இங்கிலாந்தில் பெரிய கலையாக்கிய தோமஸ் பியூவிக், நியூகாசிலில் ஓர் உலோகச் செதுக்குப் பட்டறையில் தொழில் பழகியவர், அந்தக் கையோடுதான் மரத்துக்கு வந்தார். அவருடைய பறவை நூலின் முதல் பாகம் 1797இல் வெளியானது. அப்பாவின் உளிகளில் சதுர முனையும் சாய்சதுர முனையும் உள்ளவற்றை எடுங்கள், குட்டையான, நுனி கூர்ந்த கோடுகள் அருமையாக வரும். பிடி உள்ளங்கைக்குள் அடங்கி, உளி மரத்தோடு நன்றாகத் தாழ்ந்து போக வேண்டும், அதற்காகத்தான் பிடியின் அடிப்பக்கத்தைச் சீவித் தட்டையாக்குவார்கள். பெருவிரலைக் கட்டையில் ஊன்றிக்கொள்ளுங்கள், உளி வழுக்கினால் அதுதான் தடுக்கும். வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் முனை மழுங்கிவிட்டது, பலத்தைக் கூட்டாமல் நிறுத்தித் தீட்டுங்கள். வெட்டிய கோட்டின் அடி பளபளவென்று இருந்தால் கூர் சரி.