மை பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: கடலுக்குப் போகும் என் தம்பி, முன்கையில் கறுப்பும் சிவப்புமாக டாட்டூ குத்தப் போகிறான். மை நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? – வாசகி, பாம்பன்

பதில்: முடியாதும்மா. நிறம், மணம், கையில் தடவிப் பார்ப்பது எதுவுமே காட்டிக்கொடுக்காது. ஈயம், நிக்கல் போன்றவற்றை, மையை அமிலத்தில் கரைத்து ஐ.சி.பி.எம்.எஸ். போன்ற ஆய்வகக் கருவியில்தான் அளக்க முடியும். கறுப்பு மை பெரும்பாலும் புகைக்கரித் தூள். அதோடு சேர்ந்து வரும் புற்றுநோய்ப் பொருட்களைத் தேட வேறு கருவி வேண்டும். சிவப்பில் அசோ என்ற செயற்கைச் சாய வகை இருந்தால், வெயிலிலும் லேசரிலும் அது உடைந்து அமீன்கள் என்ற தீங்கான வேதிப்பொருட்கள் வரலாம். தம்பி நாள் முழுக்க வெயிலில் நிற்பவர். சிவப்பைத் தவிர்ப்பதே என் யோசனை.

நீங்கள் செய்யக்கூடியது, அந்த மையின் ஆய்வறிக்கையைக் கடையில் கேட்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் மைக்கு வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 0.7 மி.கி., காட்மியம் 0.5, நிக்கல் 5. அறிக்கையை இதோடு ஒப்பிடுங்கள். அதைவிட முக்கியம், அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரித்த மைக்குத் தரும் எண்) பாட்டிலில் உள்ளதும் ஒன்றா என்பது. கம்பெனி பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. மையில் கலந்திருக்கும் மாசின் அளவு பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். பாட்டிலில் நிறமியின் சி.ஐ. எண் (எந்த நிறமி என்று காட்டும் சர்வதேச எண்), காலாவதித் தேதி, 'ஸ்டெரைல்' என்ற சொல் இருக்க வேண்டும். ஸ்டெரைல் என்றால் கிருமி நீக்கியது, அவ்வளவுதான். ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை.

நல்ல மையும் கடையில் கெடும். திறந்த பாட்டிலில் குழாய்த் தண்ணீர் விட்டு நீர்க்க வைப்பார்கள், அங்கேதான் கிருமி நுழைகிறது. உங்கள் கண் முன்னே புது ஊசி உறையைப் பிரித்து, சின்னக் கிண்ணத்தில் மையை ஊற்றி, குத்தி முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். மறுக்கிற கடையில் உட்கார வேண்டாம்.

குத்தியபின் புண் முழுதும் ஆறும் வரை, குறைந்தது மூன்று வாரம், கடல் நீர் படக்கூடாது. கடலில் உள்ள விப்ரியோ கிருமி ஆறாத தோல் வழியே ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். மீன்பிடித் தடைக்காலத்தில் குத்திக்கொண்டால் தொழிலும் கெடாது. ஓராண்டுக்கு ரத்ததானமும் கூடாது.

கேள்வி: கல்யாணத்துக்குக் கறுப்பு மருதாணி வைக்கலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம். மருதாணி இலைக்குக் கறுப்பு வராது. முதலில் ஆரஞ்சாகி மறுநாள் செம்பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் கருத்தால், தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கொப்புளம் வந்தால், பிறகு பி.பி.டி. உள்ள தலைச்சாயம் பூசும்போதெல்லாம் ஒவ்வாமை வரலாம்.